எத்தனை நாள் வரும்?

போன வாரம் நண்பர் ஒருவர் தன் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் 4 மாத நாய்க்குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். செருப்பு, நாற்காலிக் கால், சார்ஜர் வயர் என்று எதையும் விட்டுவைக்கவில்லையாம். "கடிக்கறதுக்கு நல்லதா ஒண்ணு சொல்லுங்க. பத்திரமாவும் இருக்கணும், ரொம்ப நாளும் வரணும்" என்றார். சின்னக் கேள்விதான். 3 வருடங்களுக்கு முன்னால் கேட்டிருந்தால் நின்ற இடத்திலேயே பதில் சொல்லியிருப்பேன். இப்போது வாய் வரவில்லை. "யோசிச்சு எழுதி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று முழுக்க அந்த "ரொம்ப நாள் வரணும்" மட்டும் காதுக்குள்ளேயே கிடந்தது. நானும் ஒருகாலத்தில் அதைத்தான் கேட்டேன். கேட்டது நான், பல்லை இழந்தது என் நாய் செவலை.

செவலைக்கு அப்போது 4 வயது. எடை 22 கிலோ, நிறம் பெயரிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் நிதானமாகச் செய்கிற நாய், மெல்லுவதைத் தவிர. கிடைத்த பொருளை முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி, தலையைச் சாய்த்து, கடைவாய்க்குள் தள்ளி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கடித்தாளானால் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். சாதாரணத் தீனி எதுவும் அவளிடம் 10 நிமிடம் தாங்காது. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன். மதியம் 2 மணியிலிருந்து 4 மணிவரை அழைப்புக்குமேல் அழைப்பாக வரும். அந்த நேரத்தில் அவளை ஓரிடத்தில் உட்காரவைக்க ஏதாவது வேண்டும். அதனால் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் என் மனதில் ஓடியது, இது எத்தனை நாள் வரும் என்பதுதான்.

எதையும் விசாரிக்காமல் வாங்கினேன் என்றில்லை. வேகவைத்த எலும்பு ஆகாது என்று தெரியும். சூட்டில் அதன் ஈரமும் பசைத்தன்மையும் போய், கடித்தால் சிம்பு சிம்பாகப் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். முடிச்சுப் போட்டு விற்கிற வெள்ளைத் தோல் எலும்பும் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தேன். அது எலும்பே இல்லை. மாட்டுத்தோலைப் பிளந்து, மேலடுக்கு தோல் பொருட்கள் செய்யப் போனபிறகு மிஞ்சுகிற உள்ளடுக்கு. சுண்ணாம்பு போன்றவற்றில் ஊறவைத்து முடி நீக்கி, சுருட்டி, காயவைத்து வருகிறது. மென்று ஊறினால் வழவழவென்று நீண்டு, பெரிய துண்டாக அப்படியே உள்ளே இறங்கிவிடும். வயிற்றில் போய் உப்பும், சீக்கிரம் கரையாது. இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டு நான் தேர்ந்தெடுத்தது, வேகவைக்காமல் உலர்த்திய மாட்டுக் கால் எலும்பு. என் முன்கை கனம் இருக்கும். சிம்பு பெயராது, விழுங்க முடியாத பெரிது, ரசாயனம் கிடையாது. மாதக்கணக்கில் வரும் என்று உறையிலேயே போட்டிருந்தது.

வரவும் செய்தது. முதல் வாரம் அதன்மேல் ஒட்டியிருந்த சவ்வையெல்லாம் தின்று தீர்த்தாள். அதன்பிறகு வெறும் எலும்புதான். "நாய் பெற்ற தெங்கம்பழம்" என்பார்கள், உண்ணவும் முடியாது, விடவும் மனம் வராது. செவலையும் அதை உருட்டிக்கொண்டே இருந்தாள். தினமும் மதியம் எலும்பு தரையில் இடிபடும் சத்தம் கேட்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. 3 மாதம் ஆகியும் கொஞ்சமும் தேயவில்லை. தெரிந்தவர்கள் இரண்டு பேருக்கு அதையே வாங்கச் சொல்லியும் விட்டேன்.

ஒரு பக்கம் மட்டும்

முதலில் கவனித்தது என் மகள். "அப்பா, செவலை ஒரு பக்கமாத்தான் சாப்பிடுது" என்றாள். "பழக்கம்மா அது, நமக்கெல்லாம் இல்லையா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. வாலாட்டுவதில் குறையில்லை. அந்த எலும்பைக்கூட அவள் விடவில்லை, கொஞ்ச நேரம் கடிப்பாள், வைத்துவிடுவாள், மறுபடி எடுப்பாள். வலிக்கிற வாயோடும் நாய் சாப்பிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பசியும் பல்வலியும் சேர்ந்தால் பசிதான் ஜெயிக்கும். நாய் சாப்பாட்டைத் தொடாமல் ஒதுங்குகிற நிலை வருவதற்குள் நோய் வெகுதூரம் போயிருக்கும்.

அடுத்து ஒரு மாதம் கழித்து வருடாந்திரத் தடுப்பூசிக்குப் போனோம். டாக்டர் வழக்கம்போல உதட்டைத் தூக்கிப் பார்த்தார். வலது பக்கத்துப் பற்கள் சுத்தமாக இருந்தன. இடது பக்கம் ஈறோரமாக மஞ்சளும் பழுப்புமாகக் காறை படிந்திருந்தது. "எவ்வளவு நாளா வலது பக்கமாவே மெல்லுறா?" என்று கேட்டார். மெல்லுகிற பக்கம் உரசலில் தானாகச் சுத்தமாகும், மெல்லாத பக்கம் காறை கட்டும், அதை வைத்துத்தான் கேட்டிருக்கிறார். நான் பதில் சொல்லாமல் நின்றேன். மகள்தான் "ஒரு மாசமா" என்றாள்.

டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்து இடது மேல்தாடையில் இருந்த பெரிய பல்லைக் காட்டினார். ஓட்டு வில்லையில் ஒரு சில்லு பெயர்ந்த மாதிரி, பல்லின் வெளிப்பக்கச் சுவரே இல்லை. பெயர்ந்த இடத்தின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. "இது அழுக்குன்னு நினைக்காதீங்க. பல்லோட உயிர் இங்கதான் இருக்கு, நரம்பும் ரத்தமும். அது திறந்து கிடக்கு. புதுசா உடைஞ்சிருந்தா சிவப்பாத் தெரியும். கறுத்துட்டதுன்னா நாளாச்சு" என்றார்.

அதற்குப் பிறகு நாய்ப் பல்லைப் பற்றி நான் தெரிந்துகொண்டவை பல. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அவற்றில் கனமான வேலை செய்வது மேல்தாடையின் 4ஆம் முன்கடைவாய்ப் பல்லும், அதற்கு நேரே கீழே இருக்கிற முதல் கடைவாய்ப் பல்லும். நம் தாடை பக்கவாட்டிலும் அசையும், அரைக்கும். நாயின் தாடை மேலும் கீழுமாகத்தான் வேலை செய்யும். இந்த இரண்டு பற்களும் கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்கும். சதையை வெட்டுவதற்கு அருமையான அமைப்பு. ஆனால் நடுவில் வெட்டுப்படாத பொருள் வந்து மாட்டினால், விசை முழுவதும் மேல்பல்லின் வெளிச்சுவரில் போய் விழுகிறது. சுவர் பலகையாகப் பிளந்து வந்துவிடும். நாய்ப் பல்லின் எனாமல் 1 மில்லிமீட்டர்கூட இல்லை, நம்முடையதைவிட மெல்லியது. அந்த மேல்பல்லுக்கு வேர் 3, அவை கண்ணுக்குக் கீழே வரைக்கும் ஓடுகின்றன. அதனால் உள்ளே சீழ் பிடித்தால் வீக்கம் வாயில் தெரியாமல் கண்ணுக்கு அடியில் புடைக்கும். பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்து மருந்து போடுகிறவர்கள் நிறையப் பேர்.

"என்ன மெல்லக் குடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். மறுநாள் எக்ஸ்ரேவுக்கு வரும்போது அந்த எலும்பையும் எடுத்து வரச் சொன்னார். எடுத்துப் போனேன். கையில் வாங்கி, கட்டைவிரல் நகத்தை அதன்மேல் வைத்து அழுத்தினார். நகம்தான் வெளுத்தது, எலும்பில் ஒரு கோடு விழவில்லை. என்னிடம் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார். நானும் அழுத்தினேன். அப்புறம் அதை வாங்கி மேசை விளிம்பில் மெதுவாக ஒரு தட்டு தட்டினார். கருங்கல்லைத் தட்டின மாதிரி சத்தம். "இதால உங்க முழங்கால் சில்லுல ஒரு அடி போட்டா எப்படி இருக்கும்? நினைச்சாலே கூசுதுன்னா, இது அவ பல்லுக்கு ஆகாது" என்றார்.

"மூணு மாசமாக் கடிக்கிறா டாக்டர், கொஞ்சம்கூடத் தேயவே இல்ல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நல்ல பொருள்தான் வாங்கினேன் என்று நிரூபிக்க நினைத்தேனோ என்னவோ.

"அதுதாங்க பிரச்சனையே. ரெண்டும் தினம் மோதுது. ஏதாவது ஒண்ணு விட்டுக்கொடுத்துதானே ஆகணும்? எலும்பு விட்டுக்கொடுக்கல."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். எனக்கு அந்த எலும்பைப் பிடித்திருந்த கை கூசியது. 3 மாதமாக எதை அதன் சிறப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேனோ அதுவேதான் அவள் பல்லைப் பிளந்திருக்கிறது. பத்திரம் என்று நான் யோசித்ததெல்லாம் தொண்டையையும் வயிற்றையும் பற்றித்தான். பல் என்பது கடிக்கிற கருவி, அதற்கு என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது. வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம், அல்லது எடுத்துவிடலாம். சேதத்தைப் பார்த்தபின் எடுத்துவிடுவது என்று முடிவானது. முழு மயக்கம் கொடுத்து, 3 வேர் உள்ள பல் என்பதால் 3 துண்டாக அறுத்து, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மாலையில் தள்ளாடிக்கொண்டு வந்து என் காலில் தலையை வைத்துப் படுத்தாள். தாடையின் அந்தப் பக்கத்தைத் தொட எனக்குக் கை வரவில்லை.

மெல்லாத 2 வாரம்

காயம் ஆறும்வரை 2 வாரத்துக்கு மெல்லுகிற பொருள் எதுவும் கூடாது என்றார்கள். இனி எப்போதுமே வேண்டாம் என்று நான் அப்போது தீர்மானித்திருந்தேன். அந்த 2 வாரம் முடிவதற்குள் தீர்மானம் மாறிவிட்டது. வலி மருந்தெல்லாம் நின்றபிறகும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறைக்கு அறை நடந்தாள். முன்னங்காலை ஈரமாகும்வரை நக்கிக்கொண்டே இருந்தாள். 4 வயதுவரை ஒரு செருப்பைத் தொட்டதில்லை, அந்த வாரம் மகளின் செருப்பு வாரைத் துண்டாக்கினாள். மெல்லுவது நாய்க்குப் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். அவள் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்கிற வழி அது. அதைப் பறித்துவிட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

அந்தச் சமயத்தில் பார்க்க வந்த உறவினர் ஒருவர், "ஓநாய் எலும்பைக் கடிக்காததா? அதுக்கு யார் பல் டாக்டர்?" என்றார். பலரும் சொல்கிற வாதம் இது. ஓநாய்க்கும் பல் உடைகிறது. காட்டு ஊனுண்ணிகளின் மண்டையோடுகளை ஆராய்ந்தவர்கள் உடைந்த பற்களை நிறையவே பார்த்திருக்கிறார்கள். அது பிழைப்புக்காகக் கடிக்கிறது, வேறு வழியில்லை. தவிர, அது கடிப்பது அப்போது அடித்த இரையின் ஈரமான எலும்பை. மாதக்கணக்கில் காய்ந்து கல்லாகிப்போன ஒன்றைத் தினம் 2 மணி நேரம் கடிப்பதில்லை.

கொம்பு, குளம்பு, குச்சி

2 வாரம் முடிந்ததும் மறுபடி தேட ஆரம்பித்தேன். இந்த முறை கட்டைவிரல் நகத்தோடு போனேன். நீண்ட நாள் வரும் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அந்தச் சோதனையிலேயே விழுந்துவிட்டது. கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் மானுக்கும் கொம்பு, மாட்டுக்கும் கொம்பு என்று ஒரே சொல்தான். ஆனால் மான் கொம்பு முழுக்க எலும்பு, வருடா வருடம் உதிர்ந்து புதிதாக முளைப்பது. மாட்டுக் கொம்பு, உள்ளே இருக்கிற எலும்பின்மேல் நகப்பொருளால் ஆன உறை, அது உதிராது. பல்லைப் பொறுத்தவரை இரண்டுமே ஆபத்துதான். குளம்பும் அப்படியே. அது விளிம்பில் கூராக உடையவும் செய்யும். இமயமலைப் பகுதியில் பாலைத் திரித்து, நீரைப் பிழிந்து, வாரக்கணக்கில் உலர்த்திச் செய்கிற சுர்ப்பி என்ற கெட்டிப் பாலாடைக்கட்டி இப்போது நாய்களுக்கென்று எங்கும் கிடைக்கிறது. மனிதர்கள் வாயில் ஒதுக்கிக்கொண்டு வெகுநேரம் ஊறவைத்துச் சாப்பிடுகிற உணவு அது. நாய் ஊறவைக்காது, நேராகக் கடைவாய்க்குத்தான் தள்ளும். செவலையைப் போல அழுத்திக் கடிக்கிற நாய்க்கு அதைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. கெட்டி நைலான் எலும்புகளிலும் நகம் பதியவில்லை. டென்னிஸ் பந்து மெத்தென்று இருக்கிறதே என்று பார்த்தால், அதன் மேலுறை மண்ணைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்குமாம்.

எலும்பைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் உறையில் போட்டு வருகிறது என்பதாலேயே நான் நம்பினேன். 2017 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இப்படிப் பதப்படுத்தி, உலர்த்தி, புகையூட்டி உறையில் விற்கிற எலும்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. தங்களுக்கு வந்த சுமார் 68 புகார்களில் குடல் அடைப்பு, மூச்சுத் திணறல், வாய்க் காயம் எல்லாம் இருந்தன, ஏறத்தாழ 15 நாய்கள் இறந்திருந்தன என்றது. நான் எலும்பு வாங்கியது அதற்குப் பிறகுதான். அதை முன்பே படித்திருந்தால் செவலைக்கு இன்றைக்கு 42 பல் இருந்திருக்கும்.

தீர்ந்துபோக வேண்டும்

என் மனம் மாறிய இடம் இதுதான். தீனி தீரக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தீர்ந்துபோவதுதான் அதன் வேலை என்று இப்போது நினைக்கிறேன். பல் பட்டால் பதியவேண்டும், இழுத்தால் நார் நாராக வரவேண்டும், உள்ளே போனது கரையவேண்டும். அப்படி இருக்கிற எதுவும் மாதக்கணக்கில் வராது. அரை மணி நேரம் வந்தால் பெரிது. அந்த அரை மணி நேரமே செவலைக்குப் போதும் என்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். நன்றாக மென்று முடித்தால் உடம்பை உதறிவிட்டுப் போய்ப் படுத்துவிடுகிறாள். 2 மணி நேரம் வேண்டியிருந்தது எனக்குத்தான்.

உலர்த்திய காளைக் குச்சி என்று ஒன்று உண்டு. காளையின் ஆண்குறியை நீட்டி உலர்த்தியது, பெரும்பாலும் நார்தான். நகம் சரியாகப் பதியாவிட்டாலும் எச்சில் பட்டதும் இளகும், வளையும், செரிக்கும். இது நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவந்தேன், செவலை குண்டாகும்வரை. 2013இல் கனடாவின் கால்நடை மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் 26 குச்சிகளை எடுத்து அளந்திருக்கிறார்கள். 1 அங்குலத்துக்கு 9 முதல் 22 கலோரிவரை இருந்தது. 6 அங்குலக் குச்சி சராசரியாக 88 கலோரி. செவலையைப் போன்ற 22 கிலோ நாயின் ஒரு நாள் தேவையில் அது சுமார் 9 சதவீதம். தீனியெல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அப்படியானால் ஒரு குச்சியிலேயே அன்றைய பங்கு முடிந்தது. இப்போது வாரம் ஒருமுறை கொடுக்கிறேன், அன்று சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறேன்.

மற்ற நாட்களுக்கு ரப்பர்தான். உள்ளே குழிவாக இருக்கிற, அழுத்தினால் அமுங்கி மறுபடி நிமிர்கிற ரப்பர். இதில் எனக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. 1970களில் அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவரிடம் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு இருந்தது. அது கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவர் தன் ஃபோக்ஸ்வாகன் வேனைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது கழற்றிப் போட்ட ரப்பர் பாகம் ஒன்றை அது எடுத்துக்கொண்டு போய், கல்லை மறந்து கடிக்க ஆரம்பித்தது. அந்தப் பாகத்தின் வடிவத்திலிருந்துதான் காங் என்ற ரப்பர் பொம்மை வந்தது. பல்லைத் தேய்த்துக்கொள்கிற நாயைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒரு மனிதரிடமிருந்து இது தொடங்கியது என்பதே எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

நான் செய்வது எளிது. அவளுடைய அன்றாட உணவிலேயே ஒரு பங்கை வெந்நீரில் ஊறவைத்து, மசித்து, அந்தக் குழிக்குள் அடைத்து, ராத்திரியே உறையவைத்துவிடுகிறேன். கூடுதல் கலோரி எதுவும் இல்லை, அவள் சாப்பாடுதான். உறைந்திருப்பதால் நக்கி, அழுத்தி, உருட்டி எடுக்க 40 நிமிடம் ஆகிறது. நிலக்கடலை வெண்ணெய் தடவுகிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தை ஒவ்வொரு முறையும் படிக்கவேண்டும். சைலிட்டால் என்ற இனிப்பு அதில் இருந்தால் நாய்க்கு அது விஷம். கொஞ்ச நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், ஈரலையும் கெடுக்கும். ரப்பரையும் நிரந்தரம் என்று நினைக்கக்கூடாது. வாரம் ஒருமுறை விரலால் தடவி, பிளவு விட்டிருந்தால் தூக்கிப் போடுகிறேன்.

கடைசித் துண்டு

என்ன கொடுக்கிறோம் என்பதை இவ்வளவு பேசிவிட்டோம். உண்மையில் ஆபத்து வருகிற நேரம் கடைசி 2 அங்குலத்தில். குச்சி குட்டையானதும், பல நாய்கள் அதை மெல்லாமல் அப்படியே விழுங்கப் பார்க்கும். ஒருமுறை செவலை அந்தக் கட்டத்தில் இருப்பதைப் பார்த்து நான் பதறி ஓடினேன். "விடு, விடு" என்று வாய்க்குள் கையை விட்டேன். ஒரே மடக்கில் விழுங்கிவிட்டாள். நான் ஓடியிருக்காவிட்டால் இன்னும் 5 நிமிடம் மென்றிருப்பாள். பிடுங்க வருகிறார்கள் என்று தெரிந்தால் நாய்க்குத் தெரிந்த ஒரே பத்திரமான இடம் வயிறுதான். அன்று ராத்திரி முழுக்க அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாந்தி, சாப்பாட்டை வெறுப்பது, வயிற்றைத் தொட விடாமல் முதுகை வளைப்பது, மலம் போக முக்குவது, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, எதுவும் ஆகவில்லை.

அன்றிலிருந்து பறிப்பதை விட்டுவிட்டோம். மாற்றுகிறோம். ஆரம்பத்தில் அவளிடம் ஒன்றும் இல்லாதபோதே "தா" என்று சொல்லி அவளுக்கு உயிரான ஏதாவது ஒன்றைக் கையில் காட்டினோம். அப்புறம் பெரிதாக ஆசையில்லாத பொம்மையை வைத்துக்கொண்டு, கடைசியாகக் குச்சியோடு. குச்சியைக் கீழே வைத்துவிட்டு வந்தால் சிறந்தது கிடைக்கும், சிலசமயம் குச்சியும் திரும்பக் கிடைக்கும் என்று அவளுக்குப் புரிய 3 வாரம் ஆனது. இப்போது நான் பக்கத்தில் போனால் வேகம் கூடுவதில்லை, தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். இது வரைக்கும் எந்த உறையிலும் இதை எழுதிப் பார்த்ததில்லை. ஆனால் செவலையின் பத்திரத்துக்கு வேறெதையும்விட இதுதான் அதிகம் உதவியிருக்கிறது.

இன்னொன்று, வீட்டில் குழந்தை இருப்பதால் சொல்கிறேன். நாய்த் தீனியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். 2019இல் அமெரிக்காவில் நாய்களுக்கு விற்கப்பட்ட பன்றிக் காதுகள் வழியாக சால்மோனெல்லா என்ற கிருமி பரவி 34 மாநிலங்களில் 154 பேருக்கு நோய் வந்தது. நோய் வந்தது மனிதர்களுக்கு. என் மகள் குச்சியை எடுத்துக் கொடுத்துவிட்டு அதே கையால் புத்தகத்தைப் புரட்டுவாள். இப்போது கழுவிவிட்டுத்தான்.

நண்பருக்கு நேற்று ராத்திரி எழுதி அனுப்பினேன். 4 மாதம் என்றால் குட்டியின் 28 பால்பற்களும் விழுந்து புதுப் பல் முளைக்கிற காலம், 6 அல்லது 7 மாதம்வரை ஈறு நமநமவென்று இருக்கும், அதனால்தான் நாற்காலிக் கால். அதுவரை குட்டிகளுக்கென்று வருகிற மெத்தென்ற ரப்பர் போதும், உள்ளே அதன் சாப்பாட்டையே உறையவைத்துக் கொடுங்கள் என்று எழுதினேன். வாயைவிடப் பெரிதாக வாங்குங்கள், முழுசாகக் கடைவாய்க்குப் பின்னால் போகிற எதையும் கொடுக்காதீர்கள். பல்லுக்கு நல்லது என்று போட்டிருந்தால் வி.ஓ.எச்.சி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கால்நடை வாய் நலக் குழு என்று 1997இலிருந்து இயங்குகிற அமைப்பு அது, நிறுவனங்கள் செய்து காட்டிய சோதனை முடிவுகளைப் பரிசீலித்து, பற்காறையைக் குறைக்கிறது என்று தெரிந்தால்தான் முத்திரை தரும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். அப்புறம், நீங்கள் பக்கத்தில் உட்கார முடிகிற நேரத்தில் கொடுங்கள். முதல் சில தடவை எப்படிக் கடிக்கிறது என்று பாருங்கள், கொறிக்கிறதா, கிழிக்கிறதா, விழுங்கப் பார்க்கிறதா என்று. என்ன வாங்கலாம் என்பதை அதைப் பார்த்த பிறகு பேசுவோம் என்று முடித்தேன்.

"எத்தனை நாள் வரும்?" என்று பதில் வந்தது. "முக்கால் மணி நேரம்" என்று எழுதினேன்.

செவலைக்கு இப்போது 7 வயது. என் அழைப்புகளை 3 மணிக்குத் தள்ளிவிட்டேன். 2 மணிக்கு உறைந்த ரப்பரை அவள் முன்னால் வைத்துவிட்டு நானும் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன். இடது பக்கம் அந்த இடம் வழவழவென்று ஈறு மூடிக் கிடக்கிறது. வலது பக்கத்துப் பெரிய பல்லின்மேல் விரலை ஓட்டிப் பார்ப்பேன், மேலிருந்து கீழாக, பிறகு குறுக்காக. முழுசாக இருக்கிறது. "சரி, போ" என்றதும் எழுந்து உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு ஓடுகிறாள்.